பத்து வயதில் ஓய்ந்த காரின் இருக்கைகள்

சிங்கப்பூரில் கார்கள் பழுதாகி ஓய்வதைவிடத் தேதி வந்து ஓய்வதே அதிகம். வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது நாம் வாய்க்கு வாய் சொல்லும் சிஓஇ, பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். இந்த முறை 1990ஆம் ஆண்டு மே மாதம் நடப்புக்கு வந்தது. இயந்திரம் நன்றாக ஓடினாலும், பெயிண்ட் பளபளத்தாலும், பத்தாவது ஆண்டின் முடிவில் உரிமையாளர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். காரின் பதிவை நீக்கிவிட்டு அரசாங்கம் திருப்பித் தரும் தொகையை வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்தத் தொகையை மறந்துவிட்டு, முந்தைய மூன்று மாத ஏலங்களின் சராசரி விலையைக் கட்டிச் சான்றிதழைப் புதுப்பிக்கலாம். ஐந்து ஆண்டுக்கும் புதுப்பிக்கலாம், பத்து ஆண்டுக்கும் புதுப்பிக்கலாம். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதற்குப் பிறகு இன்னொரு வாய்ப்பு கிடையாது.

2008ஆம் ஆண்டு நவம்பரில், பொருளியல் நெருக்கடி நேரத்தில், சிறிய கார்களுக்கான சிஓஇ 2 வெள்ளிக்கு முடிந்தது. அச்சுப்பிழை இல்லை, இரண்டே வெள்ளி. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அதே பிரிவு 106,000 வெள்ளியைத் தொட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் நம் ஊரின் பழைய கார்கள் வாழ்கின்றன. மலிவாக இருந்த காலத்தில் புதுப்பித்தவர்கள் காரை விட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். புதிய கார் வாங்க வசதி இல்லாதவர்களும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே விதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பதிவு நீக்கப்பட்ட கார் ஒன்று ஏற்றுமதியாக வேண்டும், இல்லாவிட்டால் உடைபட வேண்டும். வேறு நாடுகளில் ஸ்கிராப் யார்டுக்கு வரும் கார் பெரும்பாலும் விபத்தில் நசுங்கியிருக்கும், துருப்பிடித்திருக்கும், அல்லது இருபது வயதைத் தாண்டியிருக்கும். இங்கே பத்து வயதுகூட நிறையாமல், ஒரே குடும்பம் ஓட்டி, ஆண்டுதோறும் சர்வீஸ் செய்த கார்கள் வருகின்றன. அவற்றின் இருக்கைகளில் கிழிசல் இருக்காது. கதவுப் பலகையில் கீறல் இருக்காது. ஒரு விதி சில கார்களை இருபது வயதுவரை ஓட வைக்கிறது, வேறு சில கார்களைப் பத்து வயதில் பிரித்துப்போடவும் வைக்கிறது. இரண்டாவது வகைக் காரின் உள் பாகங்கள் முதல் வகைக் காருக்குள் போவது ஆச்சரியமில்லை. புதிய மாடலின் இருக்கை, டேஷ்போர்டு அலங்காரம், கதவுப் பலகை, கியர் கன்சோல் ஆகியவற்றைப் பழைய காரில் பொருத்திக்கொள்ளும் பழக்கம் இங்கே பரவியிருப்பதற்கு அதுவே காரணம்.

அப்பாவின் கார் 2009இல் பதிவான ஒரு ஜப்பானிய ஏழு இருக்கைக் கார். 2019இல் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தார். 2029வரை ஓடலாம். இயந்திரத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. உள்ளே நிலைமை வேறு. அம்மா உட்காரும் முன் இருக்கையின் பஞ்சு அமுங்கி, ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அவருக்கு ஏற்கெனவே முதுகுவலி. தேக்காவுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். மேல்கூரைத் துணி தொங்கி, பின்னால் உட்காருபவர்களின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. கதவுக் கைப்பிடி விரலில் ஒட்டியது.

“29ல போகப் போற காடிக்கு எதுக்கும்மா செலவு?” என்று அப்பா கேட்டார்.

கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடிப் போனதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை.

உள்ளே முதலில் கெடுவது எது?

காரின் இரும்பைவிட நம் விரல் படும் பொருள்கள்தான் இந்த ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் தோற்கின்றன. ஆண்டு முழுவதும் வெப்பம், அதோடு ஈரப்பதம். கைப்பிடியிலும் சுவிட்சுகளிலும் மிருதுவாக இருப்பதற்காகப் பூசும் ரப்பர் போன்ற பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தது. காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறுகளை மெல்ல உடைக்கும். சில ஆண்டுகளில் அது வெல்லப்பாகுபோல் பிசுபிசுக்கும். துடைத்தால் போகாது. பூச்சையே முழுதாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் பாகத்தை மாற்ற வேண்டும்.

டேஷ்போர்டின் மேல்தோல் வேறு விதமாகக் கெடும். அதை நெகிழ்வாக வைத்திருக்கும் ரசாயனம் வெப்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். புதிய காரின் முன்கண்ணாடி உள்பக்கம் மங்கலாகப் படலம் படிவதற்கு அதுவும் ஒரு காரணம். அது தீரத் தீர தோல் இறுகி, வெடிக்கும்.

மேல்கூரைத் துணி தொங்குவதைப் பலரும் பசை விட்டுப்போனதாக நினைக்கிறார்கள். துணிக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய பஞ்சு ஒன்று இருக்கிறது. அதுதான் பொடியாக உதிர்கிறது. குண்டூசி குத்தினாலும், பசையை ஊசியில் ஏற்றிச் செலுத்தினாலும் சில வாரங்களுக்குமேல் நிற்காது. பலகையை வெளியே எடுத்து, பொடியைச் சுரண்டிவிட்டு, பஞ்சு ஒட்டிய புதுத் துணியைப் போர்த்துவதே வழி. நல்ல நிலையில் இருக்கும் வேறொரு காரின் பலகையை அப்படியே மாற்றுவதும் உண்டு. அதிலும் இதே பஞ்சுதான் இருக்கிறது, அதற்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

எது எதற்குள் பொருந்தும்?

கார் மாடலுக்குத் தலைமுறை என்று ஒன்று உண்டு. ஒரு தலைமுறையின் நடுவில், மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து, நிறுவனம் முகப்பையும் உள்ளலங்காரத்தையும் கொஞ்சம் மாற்றும். அதை ஃபேஸ்லிஃப்ட் என்கிறார்கள். உடற்கூடு அதேதான். அதனால் ஃபேஸ்லிஃப்டுக்குப் பிறகு வந்த காரின் உள் பாகங்களில் பெரும்பாலானவை முன்பு வந்த காரில் அதே துளைகளில், அதே கிளிப்புகளில் உட்காரும். பழைய காருக்குள் புதிய மாடல் என்று நம் ஊரில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

அடுத்தது, ஒரே தலைமுறையின் மலிவு ரகத்துக்குள் விலை உயர்ந்த ரகத்தின் பாகங்களைப் போடுவது. எட்டாம் தலைமுறை ஹோண்டா சிவிக் நான்கு கதவுக் காரின் டைப் ஆர் ரகம் 2007இல் ஜப்பானில் வந்தது. அதன் விளையாட்டுக் கார் இருக்கைகளைச் சாதாரண சிவிக்கில் பொருத்தியவர்கள் பலர். உடல் ஒன்றுதான், ஆனால் மலிவு ரகத்தில் சில மின்கம்பிகளே இருக்காது. பொத்தான் அழகாக உட்காரும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

மூன்றாவது, அடுத்த தலைமுறையின் பாகங்கள். இது பெரும்பாலும் கைகூடாது. டேஷ்போர்டைத் தாங்கும் இரும்புக் குறுக்குச் சட்டம், குளிர்காற்றுக் குழாய்கள், கதவின் வளைவு என எல்லாமே வேறு. விதிவிலக்கும் உண்டு. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரின் ஐந்தாம் தலைமுறை 2003இலும் ஆறாம் தலைமுறை 2008இலும் வந்தன. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று. அதனால் ஆறாவதின் ஸ்டீயரிங், குளிர்சாதனப் பொத்தான் பலகை போன்றவற்றை ஐந்தாவதில் போடுவது உலகெங்கும் கோல்ஃப் பிரியர்களிடம் பழகிய வேலை. 2012இல் வந்த ஏழாம் தலைமுறைக்கு அடித்தளமே மாறிவிட்டது. அந்தக் கதவு அங்கே அடைபட்டது.

நமக்கு ஒரு வசதி, வலப்பக்க ஸ்டீயரிங். ஜப்பானும் மலேசியாவும் நம்மைப் போலவே. அதனால் ஜப்பானில் கழித்துக்கட்டிய கார்களின் முன்பாதியை வெட்டி அனுப்பும் ‘ஹாஃப்-கட்’ வியாபாரம் ஜோகூரில் பெரிதாக நடக்கிறது. அங்கே முழு டேஷ்போர்டும் கிடைக்கும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இடப்பக்க ஸ்டீயரிங் காரின் டேஷ்போர்டு நமக்கு உதவாது.

புதுப்பேட்டையில் படித்த பாடம்

நான் போன பணிமனை காக்கி புக்கிட்டில் இருக்கிறது. முதலாளி சீன அங்கிள். வேலை செய்பவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர்.

“நான் சென்னைல புதுப்பேட்டைல வேலை கத்துக்கிட்டவன், அக்கா. அங்க அம்பாசிடருக்கு இத நாங்க எப்பவோ பண்ணிட்டோம்,” என்றார்.

அவர் சொன்னது மிகையில்லை. எழும்பூரை ஒட்டியிருக்கும் புதுப்பேட்டை, பழைய வாகனங்களைப் பிரித்து உதிரிபாகம் விற்பதற்குப் பேர்போன இடம். அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை மூலமாகக் கொண்டது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி, 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை, அந்தக் குண்டு உடம்பு பெரிதாக மாறவே இல்லை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலை உள்ளே இருப்பவற்றைத்தான் மாற்றிக்கொண்டே வந்தது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, 1990இல் நோவா, பிறகு இசுசு இயந்திரத்தோடு வந்த 1800 ஐஎஸ்இசட், 2003இல் கிராண்ட். ஸ்டீயரிங் தண்டில் இருந்த கியர் தரைக்கு இறங்கியது. முன்னால் மூவர் உட்காரும் நீள இருக்கை, தனித்தனி இருக்கையானது.

உடல் மாறாததால், பழைய அம்பாசிடர் வைத்திருந்தவர்கள் பின்னால் வந்த ரகத்தின் இருக்கையைத் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனார்கள். நிறுவனம் தொழிற்சாலையில் செய்ததை அவர்கள் தெருவோரத்தில் செய்துகொண்டார்கள். அங்கே காரணம், வாங்குவதற்கு வேறு கார் அதிகம் இல்லாதது. இங்கே காரணம், புதிய காரின் சான்றிதழ் விலை. மனிதர்களின் கணக்கு இரண்டு ஊரிலும் ஒன்றுதான்: கூடு உறுதியாக இருக்கும்போது உள்ளே இருப்பதை மாற்றிக்கொள்.

அந்தத் தம்பி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கிளிப்புகள். கதவுப் பலகையைப் பிடித்து நிற்பவை சிறு பிளாஸ்டிக் கிளிப்புகள். பதினைந்து ஆண்டு வெயிலில் அவை பிஸ்கட்போல் ஆகிவிடும். இழுத்தால் பாதி உடைந்துபோகும். உடைந்ததைப் பசையால் ஒட்டிவிட்டு மூடினால், சாலையில் கதவு பேசத் தொடங்கும். புதிய கிளிப்புகளை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டுதான் அவர் பலகையில் கைவைத்தார். இரும்புத் திருப்புளி கிடையாது, நைலான் நெம்புகோல். விளிம்பை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கிய பிறகே இழுத்தார். கழற்றிய ஒவ்வொரு திருகையும் ஓர் அட்டையில் குத்தி, பக்கத்தில் பேனாவால் இடத்தை எழுதினார்.

பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும் இடங்களில் மெல்லிய கம்பளி நாடாவை ஒட்டினார். வேறொரு காரிலிருந்து வந்த பாகம் எவ்வளவு துல்லியமாக உட்கார்ந்தாலும், அது பத்து ஆண்டுகள் தன் பழைய காரோடு சேர்ந்து அதிர்ந்து பழகியது. புதிய இடத்தில் கிறீச்சிடும். வானொலியில் வேலை பார்ப்பதால், எனக்கு அந்தச் சத்தம் மற்றவர்களைவிட முன்னதாகக் கேட்கும். ஒரு மீட்டர் நாடாவில் அது அடங்கிவிடும் என்பது எனக்குப் புதிய செய்தி.

மஞ்சள் இணைப்பான்

எங்களுக்குக் கிடைத்த இருக்கைகள் அதே மாடலின் ஃபேஸ்லிஃப்ட் காரிலிருந்து வந்தவை. 2014இல் பதிவாகி, பத்து ஆண்டு முடிந்து உடைபட வந்தது. முதலில் காட்டிய இருக்கைகள் தோல் உறையோடு, புதிதுபோல் இருந்தன. சீன அங்கிள் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, “நோ, நோ. திஸ் ஒன் கேனாட்,” என்றார். ஒரு மஞ்சள் நிற இணைப்பான் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கவாட்டு ஏர்பேக் அந்த இருக்கைக்குள் இருந்தது. எங்கள் காரில் அதற்கான கம்பியும் இல்லை, அதை இயக்கும் கணினியும் இல்லை.

கார்களில் மஞ்சள் இணைப்பான் என்றால் பொதுவாக ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைத் தொடும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருக்க வேண்டும். மின்சாரம் துண்டித்த பிறகும் சற்று நேரத்துக்கு அதில் சேமிப்பு இருக்கும். வெடிமருந்து உள்ள பொருள் அது. இணைக்காமல் அப்படியே விட்டு, அதன் மேல் அம்மாவை உட்கார வைக்க எனக்கு விருப்பமில்லை. சிலர் எச்சரிக்கை விளக்கை அணைப்பதற்காக ஒரு சிறு மின்தடையைச் செருகிவிடுகிறார்கள். விளக்கு அணையும். கணினி ஏர்பேக் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். விபத்து நாளில்தான் உண்மை வெளிவரும்.

ஸ்டீயரிங்கை மாற்ற நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் ஊதிகளைத் திரும்பப் பெறும் நடவடிக்கை, வாகன வரலாற்றிலேயே மிகப் பெரியது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 100 மில்லியன் ஊதிகள். அவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், நீண்டகால வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சீர்கெட்டு, விரியும்போது இரும்பு உறையையே சிதறடித்தது. மலேசியாவிலும் உயிர்கள் போயின. அந்த நிறுவனம் 2017 ஜூன் மாதம் நொடித்துப்போனது. நம் ஊர் அதே வெப்பமும் ஈரமும் உள்ள ஊர். பழைய பாகக் கடையில் அலமாரியில் அழகாக மாட்டியிருக்கும் ஸ்டீயரிங் எந்தக் காரிலிருந்து வந்தது, அந்தக் காரின் ஊதி மாற்றப்பட்டதா என்பது பார்த்தால் தெரியாது. அதனால் எங்கள் காரில் ஸ்டீயரிங்கையும் ஏர்பேக்கையும் தொடவே இல்லை. பழைய ஸ்டீயரிங்குக்குப் புதுத் தோலுறை தைத்துப் போட்டதோடு சரி.

வேக அளவுமானிப் பலகையையும் விட்டுவிட்டோம். ஃபேஸ்லிஃப்ட் காருடையது பார்க்க அழகுதான். ஆனால் ஓடிய கிலோமீட்டர் கணக்கு அதற்குள் இருக்கிறது. அதை மாற்றினால் இன்னொரு காரின் கணக்கு நம் காரில் காட்டும். பின்னால் வாங்குபவரை ஏமாற்றுவதற்குச் சமம்.

கடைசியில் ஏர்பேக் இல்லாத, துணி உறை போட்ட இருக்கைகள் அதே ஃபேஸ்லிஃப்ட் ரகத்தில் இன்னொரு காரிலிருந்து இரண்டு வாரம் கழித்துக் கிடைத்தன. நான்கு போல்ட்டுகள் கழற்றி, நான்கு போல்ட்டுகள் மாட்டினார்கள். இருக்கைவார்ப் பூட்டின் இணைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியைத் தந்தார்கள்.

பிள்ளையாருக்கு இடம்

கைவைக்கும் பெட்டிக்கு உறை தைக்க, தேக்கா நிலையத்தின் மாடியில் இருக்கும் தையல்கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெரியவர் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது ரவிக்கை தைக்கிற மெஷின்மா. ஊசி உடைஞ்சிடும். சோபா தைக்கிறவங்ககிட்ட போ,” என்றார். தடித்த தோலுக்குத் துணியை மேலிருந்தும் இழுக்கும் வேறு வகைத் தையல் இயந்திரம் வேண்டுமாம். நேர்மையாகச் சொன்னார்.

அங்கிருந்து சுங்கை ரோடு நடக்கும் தூரம்தான். 1930களில் தொடங்கி 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்ட அந்தத் திறந்தவெளிச் சந்தையில், எதையாவது பழுதுபார்க்க நினைத்தவர்கள் முதலில் தேடிப் போனார்கள். பழைய கருவி, பழைய வானொலி, பழைய கடிகாரம் எல்லாம் தரையில் விரித்திருக்கும். சந்தை போய்விட்டது. அந்தத் தேடும் பழக்கம் காக்கி புக்கிட்டுக்கும், ஊபிக்கும், சின் மிங்குக்கும் நகர்ந்திருக்கிறது.

லிட்டில் இந்தியாவில் வாங்கும் ஒரு பொருள் மட்டும் நம்மவர்களின் எல்லாக் கார்களிலும் இருக்கும். டேஷ்போர்டில் ஒட்டும் பிள்ளையார், அல்லது முருகன், அல்லது மாதா. எங்கள் காரில் பிள்ளையார் பதினாறு ஆண்டுகளாக அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பயணியின் ஏர்பேக் விரியும் மூடிக்கு மேலேயே. அது கண் இமைப்பதைவிட வேகமாக விரியும். அதன் மேல் இருக்கும் எதுவாக இருந்தாலும் எதிரே இருப்பவரின் முகத்தை நோக்கித்தான் பாயும். உலோகச் சிலையானால் சொல்லவே வேண்டாம்.

அப்பாவிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். கேட்டுவிட்டு, “அவர நகர்த்தினா கோவிச்சுக்க மாட்டாரு. உங்கம்மாதான் கோவிச்சுக்குவா,” என்றார். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நடுக் கன்சோலில், கியருக்கு முன்னால் இருக்கும் சிறு பள்ளத்தில் இப்போது இருக்கிறார். அது ஃபேஸ்லிஃப்ட் காரின் கன்சோல். பழையதில் அந்தப் பள்ளமே கிடையாது. இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு எதுவும் செலவாகவில்லை. வாசகர்களும் இன்றே செய்யலாம்.

கிடைக்காத அலைவரிசை

பழைய ரேடியோவின் பொத்தான்களில் எழுத்து அழிந்துவிட்டது. ஹாஃப்-கட் காரிலிருந்து வந்த ஜப்பானிய ரேடியோ ஒன்று, திரையோடு, மலிவாகக் கிடைத்தது. டேஷ்போர்டு ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் ஜப்பானில் பண்பலை நெடுங்காலமாக 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அண்மைக் காலத்தில்தான் 95 வரை நீட்டினார்கள். நம் தமிழ் வானொலி இருப்பதோ 96.8இல். அந்த ரேடியோவில் எவ்வளவு திருகினாலும் தமிழ் வராது.

அலைவரிசையைக் கீழே இறக்கித் தரும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. ஆண்டெனா கம்பிக்கு நடுவில் மாட்டினால் நிலையம் கேட்கும், திரையில் வேறு எண் காட்டும். அப்பா காலையில் கண்ணாடி போடாமலே 96.8ஐத் தொட்டுப் பழகியவர். எனக்கும் இதில் சுயநலம் உண்டு. நான் பேசுவது என் அப்பா காரில் கேட்க வேண்டாமா? இங்கே விற்கும் சாதாரண ரேடியோவை வாங்கி, ஃபேஸ்லிஃப்ட் காரின் சட்டத்துக்குள் பொருத்தினோம். ஜப்பானிலிருந்து நேரடியாகப் பாகம் வாங்குபவர்கள் இதை முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கணக்கு என்ன சொல்கிறது?

விதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். சாலை வரியில் கூடுதல் கட்டணமும் உண்டு. பத்து ஆண்டைத் தாண்டியதும் 10 விழுக்காட்டில் தொடங்கி, பதினான்கைத் தாண்டியதும் 50 விழுக்காடுவரை ஏறும். வாகனத்தில் எந்தெந்த மாற்றத்துக்கு அனுமதி தேவை, எதற்குத் தேவையில்லை, எது கூடவே கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் பட்டியல் வைத்திருக்கிறது. கதவுப் பலகையும் கன்சோல் அலங்காரமும் சிக்கல் தராதவை. இருக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதோ குறைப்பதோ அப்படியில்லை. வேலை தொடங்கும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டால் சோதனை நிலையத்தில் முழிக்க வேண்டியிருக்காது. காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு முன் இருக்கைகள், நான்கு கதவுப் பலகைகள், கன்சோல், மேல்கூரைத் துணி, கிளிப்புகள், கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது இரண்டாயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. கார் இன்னும் நான்கு ஆண்டு ஓடும் என்று வைத்துக்கொண்டால், மாதம் நாற்பது வெள்ளி அளவில். புதிய காருக்குச் சான்றிதழ் மட்டுமே எவ்வளவு என்பதை மேலே சொன்னேன்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். சான்றிதழ் முடிய ஓராண்டே இருக்கும் காருக்கு இது வீண். திரும்பக் கிடைக்கும் தொகை இன்னும் கையில் இருக்கும் ஒன்பது வயதுக் காருக்கும் அவசரப்பட வேண்டியதில்லை. தோற்றத்துக்காக மட்டும் டேஷ்போர்டு முழுவதையும் மாற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒருமுறை முழுதாகக் கழற்றிய டேஷ்போர்டு பழையபடி அமைதியாக உட்காருவது அபூர்வம் என்று அந்தப் புதுப்பேட்டைத் தம்பியே சொன்னார். கை படும் இடம், முதுகு படும் இடம், தலை படும் இடம், இந்த மூன்றையும் சரிசெய்தால் போதும் என்பது அவர் கணக்கு. எங்கள் கணக்கும் அதுவாகவே ஆனது.

அம்மா இப்போது ஜூரோங்கிலிருந்து தேக்காவுக்குப் போய் வந்து, இடுப்பைப் பிடிக்காமல் இறங்குகிறார். அப்பாவின் கேள்விக்கு அதுவே விடை. அவர் அதை ஒப்புக்கொண்டாரா என்றால், கழற்றிய பழைய கிளிப்புகளில் உடையாதவற்றைப் பொறுக்கி ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறார். “தேவைப்படும்” என்கிறார்.

2029இல் சான்றிதழ் முடியும்போது இந்தக் கார் உடைபடப் போகும். அப்போது அந்த இருக்கைகளுக்கு வயது பதினைந்து. பஞ்சு அமுங்காமல் இருந்தால், கழற்ற நான்கு போல்ட்டுகள்தான்.